வசம்பு, கற்பூரம், ஒரு துணி முடிச்சு

பி.காம். படிக்கிற பையனுக்கு மருந்து முடிச்சோட சரித்திரம் எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

2021 மே மாசம், கொரோனா இரண்டாம் அலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். உள்ளே கற்பூரம், கிராம்பு, ஓமம். முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியதைக் கேட்டுப் பாட்டி கட்டிக் கொடுத்தது. ஜுரம் வந்து மூணாம் நாளும் அதை முகர்ந்துவிட்டு, "மூச்சு நல்லாத்தான்டா போகுது" என்றார் அப்பா. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 88! (ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். நல்லபடியா வீடு திரும்பிட்டார்.)

இந்த முடிச்சு எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேட ஆரம்பித்தேன். தேடல் சீனாவில் போய் நின்றது.

1972-ல் சாங்ஷா நகரத்தில், மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். 2,100 வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு பிரபுவின் மனைவி. உடல் கெடாமல் இருந்ததைத்தான் உலகமே பேசியது. எனக்குப் பிடித்தது கூடவே கிடைத்த பட்டுப் பைகள், உள்ளே வாசனை மூலிகைகளோடு. சீனர்கள் இதை சியாங்நாங் என்கிறார்கள்.

அவர்கள் நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. வெயிலும் பூச்சியும் நோயும் கூடும் அந்த மாதத்துக்கு 'விஷ மாதம்' என்று பேர். குழந்தைகளுக்கு இந்தப் பையைக் கட்டி, வாசலில் இரண்டு செடிகளை வைப்பார்கள். ஒன்று மாசிபத்திரி இனம். இன்னொன்று என்ன தெரியுமா? நம்ம வசம்பு! ராத்திரியில் பேரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' ஆக்கி வைத்திருக்கிறோமே, அதேதான். அவர்கள் கத்தி போன்ற அதன் இலையை வாசலில் வைக்கிறார்கள், நாம் கிழங்கை வளையலாக்கிக் குழந்தை கையில் கட்டுகிறோம். ஆடி மாச வேப்பிலைத் தோரணத்தையும் இதோடு சேர்த்துக்கோங்க.

யாரும் யாரையும் காப்பி அடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கெட்ட காற்றுதான் நோய் என்று நினைத்தால், நல்ல வாசனை தானாகவே மருந்தாகிவிடும். ஐரோப்பாவில் 17-ம் நூற்றாண்டு பிளேக் டாக்டர்கள் பறவை அலகு மாதிரி முகமூடிக்குள் மூலிகையைத் திணித்ததும் இதே கணக்கில்தான்.

இந்தக் கணக்குக்குப் பெரிய அடி விழுந்ததும் சீனாவில்தான். 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக், சுமார் 60,000 பேர் செத்தார்கள். பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, இது ஆளுக்கு ஆள் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று சொல்லி, மல்துணிக்கு நடுவில் பஞ்சை வைத்து முகமூடி தைக்கச் செய்தார். அதை நம்பாமல் முகமூடி போடாமலே நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் மெனி சில நாளில் பிளேக்கிலேயே இறந்தார். யோசித்தால் இதுவும் துணிக்குள் எதையோ வைத்துக் கட்டியதுதான். வாசனைதான் கிடையாது.

அப்பாவுக்கு ஏன் மூச்சு நன்றாகப் போவதாகத் தோன்றியது? 1983-ல் ஒரு ஆய்வில் ஆட்களைக் கற்பூர ஆவியை முகர வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், காற்று தாராளமாகப் போவது போல இருக்கும். அளந்து பார்த்தால் காற்றோட்டம் கூடியிருக்காது. அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. பாட்டியிடம் இதை விளக்கினேன். "அப்போ ஓமம் மட்டும் கட்டித் தரட்டுமா?" என்றார் :-)

போன மாசம் அக்கா பையனுக்கு வசம்பு வளையல் போட்டாச்சு. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள், அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக. கையில் கிடப்பதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்குக் கொண்டுபோகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.