பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவம் ஏழு எனப் பள்ளியில் படித்தது நினைவிருக்கும். பாட்டியல் நூல்களின் கணக்குப்படி இது 5 வயதில் தொடங்கி 40 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஒருத்தி எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அவளுக்குப் பருவப் பெயர் கிடையாது.

வழக்கத்திலும் அப்படித்தான். பெண் வயதுக்கு வந்தால் நம் பக்கத்தில் தாய்மாமன் சீர், உளுந்தங்களி, மஞ்சள் நீர், பந்தல், மைக் செட் என்று ஊருக்கே தெரியும். அதே தீட்டு நிற்கும்போது பக்கத்தில் படுத்திருக்கும் கணவனுக்குக்கூடத் தெரிவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் அப்பத்தா காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் சாதாரணம். மகளும் தாயும் ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்ற வீடுகள் இருந்தன. கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நின்ற தீட்டு பலருக்குத் திரும்ப வராமலே போயிருக்கும். எப்போது நின்றது என்று அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு வந்து, இரண்டு பிள்ளைகளோடு 25 வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட தலைமுறைக்குத்தான் மாதாமாதம் இருபது வருஷம் தொடர்ந்து வந்து, பிறகு தடுமாறி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மருத்துவ உலகமும் இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 'மெனோபாஸ்' என்ற பெயரைப் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் 1821-இல் வைத்தார். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான் இத்தனையும் வருகிறது என்பது தெளிவாக இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தச் சுரப்பை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1929-இல்.

அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1912-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்துவிட்டார் நம் ஊர்ப் பெண் ஒருவர். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பெண்ணின் உடம்பைப் பற்றி வீட்டில் பேசவே கூச்சப்பட்ட காலத்தில் அதையே படிப்பாக எடுத்துக்கொண்டவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனதை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கு அந்தத் துயரமே வேர்.

அவர் பெயரில் அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடத்துவதால் பிரசவத்தோடு சேர்த்தே அவரை நினைக்கிறோம். பிரசவமெல்லாம் முடிந்த வயதுப் பெண்ணுக்கும் அவர் கட்டிய மருத்துவமனையோடு தொடர்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நம் நாட்டில் பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அறிகுறிகள் அதற்குச் சில வருஷம் முன்பே தொடங்கும். 28 நாளில் வந்தது 20 நாளில் வரும், பிறகு இரண்டு மாதம் வராது. முகமும் மார்பும் திடீரென்று தகிக்கும். ராத்திரி வியர்த்து ரவிக்கை நனையும், தூக்கம் போகும், படபடப்பும் காரணமில்லாத எரிச்சலும் வரும். இதையெல்லாம் நம் வீடுகளில் 'உஷ்ணம்' என்றோம், 'பித்தம்' என்றோம், 'மாமியாருக்குக் கோபம் ஜாஸ்தி' என்றும் சொன்னோம். இது நோயல்ல. ஆனால் தொந்தரவு அதிகமானால் மருந்து உண்டு. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதன் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது தீட்டு அல்ல. நிற்கும் காலத்தில் விடாமல் அதிகமாகப் போவதும், இடையிடையே படுவதும் சாதாரணம் இல்லை. அநேகமாக அது சின்னக் காரணமாக இருக்கலாம். கர்ப்பப்பைப் புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும்கூட இப்படித்தான் தலைகாட்டும். 'நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்' என்று ஆறு மாதம், ஒரு வருஷம் சும்மா இருந்த பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆரம்பத்தில் பார்த்தால் குணமாகக்கூடிய நோய், கூச்சத்தினால் முற்றிப்போகிறது.

1907-இல் மருத்துவம் படிக்க முத்துலட்சுமி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் செய்கிறார்கள். இதைப் படிக்கும் ஆண்கள் வீட்டில் மனைவியிடமும், தங்கையிடமும், மருமகளிடமும் இந்தப் பேச்சை எடுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள், போதும்.