இலங்கைப் பல்கலைக்கழகச் சமூகவியற்றுறை: கிராம ஆய்விலிருந்து இனப்பிரச்சினை ஆய்வு வரை

ஒரு பல்கலைக்கழகத் துறையின் சாதனைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அத்துறையினர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகச் சமூகவியற்றுறை பற்றிய பேச்சும் இதற்கு விலக்கன்று. அங்கு பயின்று பின்னர் கற்பித்த ஸ்ரான்லி ஜெயராஜ தம்பையா ஹாவார்ட்டிலும், அங்கு கற்பித்த கணநாத் ஒபயசேகர பிரின்ஸ்ரனிலும் பேராசிரியர்களாகத் திகழ்ந்தமை பெருமையோடு நினைவுகூரப்படுகின்றது. அப்பெருமை நியாயமானதே. ஆயின் நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா வேறு. இத்துறை இலங்கைச் சமுதாயத்தை நோக்கி எவ்வினாக்களை எழுப்பிற்று? எவற்றை எழுப்பாது விட்டது?

துறையின் முதற் பேராசிரியரான பிறைஸ் றையன், அமெரிக்கக் கிராமியச் சமூகவியல் மரபில் வந்தவர். அயோவா விவசாயிகளிடையே கலப்பினச் சோளவிதை பரவிய முறை பற்றி நீல் குறொசுடன் இணைந்து 1943இல் வெளியிட்ட ஆய்வினாற் புகழ்பெற்றவர். அவர் 1953இல் வெளியிட்ட 'நவீன இலங்கையிற் சாதி', சுதந்திரத்தின் பின்னர் சாதியமைப்பை முறையாக ஆராய்ந்த முதல் நூல்களுள் ஒன்றாகும். தாழ்நிலச் சிங்களக் கிராமமொன்றைப் பற்றி 1958இல் அவர் வெளியிட்ட நூலில், உடனுழைத்தோராக எல். டி. ஜயசேன, டி. சி. ஆர். விக்கிரமசிங்க ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. களஆய்வு கூட்டுழைப்பு என்பது இவ்வாறு துறையின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டமை குறிப்பிடத்தக்கது. எனினும் றையனின் நோக்கு, மரபிலிருந்து நவீனத்துவத்துக்குச் செல்லும் நேர்ப்பாதையொன்றை முற்கோளாகக் கொண்டது. அப்பாதையில் வர்க்கங்கள் எவ்வாறு உருவாகின்றன என்ற வினா அங்கு மையம் பெறவில்லை.

அவ்வினாவுக்கு வழிதிறந்தது 1957இல் வெளிவந்த 'சிதையும் கிராமம்' ஆகும். பொருளியலாளர் என். கே. சர்க்காரும் தம்பையாவும் கண்டி மாவட்டத்துப் பாத்ததும்பறைப் பகுதியில் நடத்திய சமூக பொருளாதார ஆய்வின் அறிக்கை அது. குளமும் வயலும் கோயிலும் கொண்ட தன்னிறைவுக் கிராமம் என்ற கற்பனை அக்காலத் தேசியவாதிகளின் மேடைகளில் ஓங்கி ஒலித்தது. ஆய்வாளர் கண்டதோ நிலமற்றோரையும், துண்டுபட்ட காணிகளையும், விளைச்சலிற் பெரும்பங்கை நிலவுடைமையாளருக்கு அளந்து கொடுக்கும் குத்தகை விவசாயிகளையுமே. பெருந்தோட்டங்கள் ஒருபுறம் நெருக்க, மறுபுறம் குடித்தொகை பெருக, கிராமம் தன் மக்களைத் தாங்க இயலாது சிதைந்தது. மறு ஆண்டிலேயே, குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முனைந்த நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. ஆய்வு சுட்டிய பிரச்சினை எவ்வளவு கூர்மையடைந்திருந்தது என்பதற்கு இதுவே சான்றாகும்.

றல்ஃப் பீரிஸ் 1956இல் வெளியிட்ட கண்டியரசுக்காலச் சிங்களச் சமூக அமைப்புப் பற்றிய நூலும், ஒபயசேகர 1967இல் வெளியிட்ட இலங்கைக் கிராம நிலவுடைமை பற்றிய நூலும் இவ்வாய்வு மரபுக்கு வரலாற்று ஆழம் அளித்தன. குடியேற்ற ஆட்சியின் சட்டங்கள் பங்குரிமை நிலத்தை விற்பனைப் பண்டமாக மாற்றியமையைத் தென்னிலங்கைக் கிராமமொன்றின் பத்திரங்களினூடாக ஒபயசேகர விளக்கினார். கிராமம் காலங்காலமாக மாறாதிருந்தது என்ற கருத்து இதன்பின் நிலைக்க இயலாததாயிற்று.

இத்துறையின் வரலாற்றில் 1956ஆம் ஆண்டினைத் தனித்து நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு யூன் மாதத்தில், தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்தின் முன் வந்த வேளையில், தம்பையா தம் மாணவருடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்திற் களஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அக்குழுவில் இருந்தனர். அங்கு வெடித்த இனக்கலவரம் அவர்களது ஆய்வினைக் குலைத்தது. வினாக்கொத்துடன் வீடுவீடாகச் சென்றோர், தாம் எண்ணிக் குறித்த குடியேற்றவாசிகளிடையேயே கொலையும் தீவைப்பும் நிகழக் கண்டனர். 1870 முதல் 1946 வரை இலங்கையின் உயர் நிருவாக சேவைகளில் இனப் பிரதிநிதித்துவம் எவ்வாறு அமைந்தது என்பதை முந்திய ஆண்டிலே கட்டுரையாக எழுதியிருந்தவர் தம்பையா. கோவைகளில் அவர் கண்ட போட்டி களத்தில் குருதியாக வெளிப்பட்டது. அவ்வனுபவம் நாற்பது ஆண்டுகளின் பின்னர், தென்னாசிய இனக்கலவரங்கள் பற்றி 1996இல் அவர் வெளியிட்ட நூலிலே இடம்பெற்றது.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி துறையின்முன் மற்றொரு வினாவை வைத்தது. சந்தேகத்தின்பேரிற் பிடிக்கப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு 1974இல் ஒபயசேகர எழுதிய கட்டுரை, கல்வி பெற்றும் தொழில் பெறாத கிராமிய இளைஞரின் நிலையை முன்வைத்தது. இவ்வழியில் மார்க்சிய முறையியலை உறுதியாகக் கையாண்டவர், பேராதனையிலும் பின்னர் கொழும்பிலும் கற்பித்த நியூட்டன் குணசிங்க ஆவார். கண்டிக் கிராமங்களிற் பண்ட உற்பத்தி பரவியபோது பழைய உற்பத்தி உறவுகள் மறைந்தொழியவில்லை, அவை முதலாளித்துவத்தின் தேவைக்கேற்ப மீளுயிர்ப்புப் பெற்றன என்பது அவரது முடிபு. 1983 யூலை வன்செயல்களின் பின்னர், 1984இல் எழுதிய கட்டுரையில், 1977இன் திறந்த பொருளாதாரம் அரச அனுசரணையில் வளர்ந்த சிங்கள முயற்சியாளரையும் நகர்ப்புற வறியோரையும் எவ்வாறு பாதித்தது, அந்நெருக்கடி எவ்வாறு இனப்பகையாக உருமாறியது என அவர் ஆராய்ந்தார். பாத்ததும்பறையில் தொடங்கிய வினா இங்கு முதிர்ச்சி பெற்றது எனலாம். 1988இல் அவர் மறைந்தமையால் அம்முயற்சி இடைநின்றது. கண்டிக் கிராமங்கள் பற்றிய அவரது ஆய்வும் மறைவின் பின்னர் 1990இலேயே நூலுருப் பெற்றது.

இனி, எழுப்பப்படாத வினாக்களைச் சுட்டுவோம். றையனின் சாதி நூல் சிங்களச் சாதியமைப்பையே ஆராய்ந்தது. யாழ்ப்பாணத்துச் சாதி பற்றி 1960இல் வெளிவந்த முக்கிய ஆய்வுக் கட்டுரை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கல் பாங்சினுடையது. 'சிதையும் கிராமம்' பெருந்தோட்டத்தின் நெருக்குதலைக் கண்டது. ஆயின் அதன் பார்வை மையம் கிராமமேயன்றி, 1948இன் சட்டத்தாற் குடியுரிமை இழந்து அத்தோட்டங்களில் உழைத்த தொழிலாளர் அல்லர். நிலமற்ற சிங்கள விவசாயியும் நாடற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே மலைச்சரிவில், ஒரே பொருளாதார அமைப்பின் இரு விளைவுகளாக வாழ்ந்தனர். அவ்விருவரையும் ஒரே ஆய்வினுள் இணைத்து நோக்கியிருப்பின், பின்னாளில் ஒருவரை மற்றவருக்குப் பகையாகக் காட்டிய அரசியலுக்கு அது அறிவார்ந்த மறுப்பாக அமைந்திருக்கும்.

மேற்குறித்த நூல்களும் கட்டுரைகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் பாத்ததும்பறை விவசாயியும் கல்லோயாக் குடியேற்றவாசியும் வாசிக்க வழியிருக்கவில்லை. மக்களிடம் பெற்ற தரவை மக்கள் மொழியில் மக்களிடமே மீட்டளிப்பது ஆய்வின் இறுதிக் கட்டம் என நாம் கருதுகின்றோம். அக்கட்டம் இன்னும் நிறைவேறவில்லை. இந்நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கொணர்வதும், அவை விட்டுச்சென்ற இடைவெளியில் மலையகத்தையும் வடக்கு கிழக்கையும் வைத்து ஆராய்வதும் இன்றைய மாணவரின் பொறுப்பாகும். கல்லோயாவிற் குலைந்த அந்தக் களஆய்வு, சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே மேற்கொண்ட முயற்சி என்பதை அவர்கள் மறத்தலாகாது.