ஆடும் காலுக்கு வைத்த சீர்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே என் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். "டீச்சர், எங்க அண்ணன் பொண்ணு உங்ககிட்டதானே ஆடக் கத்துக்குது, அதுக்கு இந்தத் தடவை என்ன வாங்கிக் குடுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்பார்கள். அத்தைமார், மாமன்மார், சில சமயம் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் சித்தப்பா. தஞ்சாவூரில் முப்பத்தெட்டு வருஷமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் ஒரு நடராஜர் சிலையை மனதில் முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். வேண்டாம் என்பேன். அந்தப் பெண் வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கும்.

ஆடுகிறவளுக்கு எதைக் கொடுப்பது என்று எங்கள் ஊர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. யோசித்ததைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது.

பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து, கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடிவைத்தான். திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், பெயர் என்ன, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்று இருக்கும். மாணவிகளை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வேறு எந்தத் தொழில்காரருக்கு இப்படி வீட்டு எண் போட்டு முகவரி கிடைத்திருக்கிறது?

அவளுக்குக் கொடுத்தது ஒரு வீடும் ஒரு பங்கும். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரிட்ட மரக்காலால் அதை அளக்க வேண்டும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று வைத்தால் நாளொன்றுக்கு மூன்று மரக்காலுக்கு மேல் வருகிறது. ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிட்டு, மிச்ச நெல்லை விற்று எண்ணெயும் புடவையும் வாங்கிக்கொள்ளலாம். நானூறு பேருக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 40,000 கலம். அதே கல்வெட்டில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனார்களுக்கும் பங்கு உண்டு. தையற்காரருக்கும், வண்ணாருக்கும், கன்னாருக்கும், தச்சருக்கும் உண்டு. ஒருத்தி மேடையேற வேண்டுமானால் அவள் பின்னால் எத்தனை கை வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் எழுதியது அது. அவள் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. கொடுத்தது அவளோடு முடிந்துவிடக் கூடாது என்ற கவலை அந்த வரியில் எனக்குத் தெரிகிறது.

வடக்கே திருவொற்றியூரில் இன்னொரு கொடை. மூன்றாம் ராஜராஜன் காலத்தில், 'உறவாக்கின தலைக்கோலி' என்ற பெண்ணின் கலையில் மகிழ்ந்த அரசன் மணலியில் அறுபது வேலி நிலம் கொடுத்து, அதற்கு அவள் பெயராலேயே உறவாக்கின நல்லூர் என்று பெயர் வைத்தான். இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை புகைவிடும் அதே மணலி. அந்தப் பக்கம் போகும்போது, இந்த மண்ணில் ஒரு பகுதி ஒருகாலத்தில் ஆடுகிற பெண்ணுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

தலைக்கோல் என்ற விருது இவற்றையெல்லாம்விடப் பழசு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அதன் கதை முழுதும் இருக்கிறது. தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடைக் காம்பை எடுத்து, கணுக்களில் நவமணி பதித்து, இடையிலே பொன்தகடு சுற்றி, இந்திரன் மகன் சயந்தனாக எண்ணி அதை வழிபட்டார்கள். ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மாதவி ஆடினாள். தலைக்கோல் பட்டமும், பச்சைமாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். கழஞ்சை ஐந்து கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ ஐந்து கிலோ பொன்.

அந்த மாலையை எனக்குப் பிடிக்காது. மாதவி வீட்டுக் கூனி அதை எடுத்துக்கொண்டு நகர நம்பியர் நடக்கிற தெருவில் நிற்கிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன். கோவலன் வாங்குகிறான். பரிசாக வந்த மாலை அவளுக்கு விலைச்சீட்டாக ஆகிவிட்டது. பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் நின்றுவிடுவேன். கொடுத்தவன் கையில் கயிற்றின் மறுமுனை இருக்கும் பரிசும் உலகத்தில் உண்டு என்று பெண்குழந்தைகளுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்!

நட்டுவனாருக்கு வந்த பரிசுகளில் என் மனதுக்கு நெருக்கமானது வடிவேலுவுக்குக் கிடைத்தது. தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்களில் இளையவர். பிடிலைக் கையிலெடுத்துப் பழகி நம் இசைக்கு இணக்கியவர்களில் ஒருவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ல் அவருக்குத் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துக் கொடுத்தது அது.

இந்த மானியங்களெல்லாம் எங்கே போயின என்றும் சொல்ல வேண்டும். கோயில் பணிக்காகத் தேவதாசிகள் அனுபவித்துவந்த இனாம் நிலங்களைப் பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க 1929ல் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி போராடிக் கொண்டுவந்தது. 1947ல் பொட்டுக்கட்டுவதே தடைசெய்யப்பட்டது. சிறுமிகளைக் கட்டிவைத்த கயிறு அறுந்தது பெரிய காரியம், அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் அதற்குள் ஆட்டம் சென்னை சபாக்களுக்குப் போய்விட்டது. நெல் அளந்த இடத்தில் பொன்னாடையும் கேடயமும் வந்தன. ஆடுகிற பெண் தன் செலவில் ஆட வேண்டியவளானாள். பக்கவாத்தியம், மண்டபம், உடை, நகை எல்லாம் அவள் அப்பாவின் கைப்பணம். நாகர்கோவில் வடசேரியில் கெம்புக்கல் பதித்துச் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நெற்றிச்சுட்டியும் சூரிய பிரபை, சந்திர பிரபையும் ராக்கொடியும் ஒட்டியாணமும் அங்கே நல்லதாக வாங்க நினைக்கிற நடுத்தரக் குடும்பம் இரண்டு தடவை யோசிக்கும்.

சலங்கைக்கு வருகிறேன். அதைக் கடையில் வாங்கி அப்படியே கையில் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. தட்டில் வைத்து, சாமி முன்னால் பூஜை செய்து, ஆசிரியர் எடுத்துக் கொடுக்க, பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலில் கட்டுவாள். வாங்கித் தருகிற மாமனுக்கு நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு மணியையும் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே உருளும் குண்டு எல்லா மணியிலும் ஒரே மாதிரி பேச வேண்டும். மணியின் வாய்ப்பிளவை விரலால் தடவுங்கள். பிசிறு இருந்தால் புடவைக் கரையில் மாட்டி இழையை இழுத்துவிடும். பட்டையைத் திருப்பித் தையலைப் பாருங்கள்.

தையலை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987ல் ஒரு கோயில் விழாவில் தில்லானா ஆடிக்கொண்டிருந்தபோது என் இடக்கால் பட்டையின் தையல் விட்டது. பளபளவென்று இருக்கிறதே என்று ஒரு கடையில் ஆசையாக வாங்கியது. மணிகள் பலகைமேல் சிதறி ஓடின. ஒன்றின்மேல் குதிகாலை வைத்து ஓங்கி மிதித்தேன். ரத்தம் வந்தது, ஆட்டத்தை நிறுத்தவில்லை. மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் தோலைத் தண்ணீரில் நனைத்து, நூலை மெழுகில் இழுத்து இழுத்து, மணிக்கு இரண்டு முடிச்சாகப் போட்டார். "தாயி, இது ஆடுற காலுக்குப் போறது, கூலி வேணாம்" என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். அந்தத் தோல் வியர்வை ஏறி ஏறிக் கறுத்து, என் கணுக்காலின் வளைவை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் போட்ட முடிச்சு ஒன்றுகூட இன்றுவரை விடவில்லை. ராஜராஜன் கல்வெட்டில் தையற்காரர் பங்கைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வரும்.

ஆக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் சாமான்கள் சின்னவை. வியர்வையை உறிஞ்சும் கனமான பருத்திப் பயிற்சிச் சேலை இரண்டு. செம்பஞ்சுக் குழம்பு. கால் வீக்கத்துக்கு நல்ல தைலம். மாமன் கொஞ்சம் வசதியானவர் என்றால் வேறொன்றைச் சொல்வேன்.

போன தீபாவளிக்கு அப்படி ஒருவர் கேட்டார். பொண்ணுக்குப் பதினைந்து வயது. அதுவரை ஒலிப்பதிவுக்குத்தான் ஆடியிருக்கிறாள். அடுத்த ஆறு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மிருதங்கக்காரர் பயிற்சிக்கு வருகிற கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கையில குடுக்க ஒண்ணும் இருக்காதே டீச்சர்" என்றார். பிறகு சம்மதித்தார்.

முதல் ஞாயிறு அலாரிப்பு. ஒலிப்பதிவு என்றால் அவள் காலுக்காக அது காத்திருக்காது. அவள் ஓர் அடியைச் சற்றுத் தாமதித்து வைத்தாள். மிருதங்கமும் அந்த ஒரு நூல் தாமதித்து அவள் காலோடு சேர்ந்தே விழுந்தது. பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி மிருதங்கக்காரரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, எடு மறுபடியும்" என்றார். மாமன் வாசல்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.