தொழில்சார் கல்வியும் தோட்டப் பள்ளியும்: கஹவத்தைப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தொழிலைக் கல்வியோடு இணைத்தல் பற்றிய விவாதம் இலங்கையில் புதியதன்று. கன்னங்கராவின் காலத்தில் ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 1937இல் இந்தியாவில் வார்தாத் திட்டம் உருப்பெற்றது. இவ்வரிசையில் மிக விரிவானது, 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் புகுத்திய தொழில்முன்னிலைப் பாடமாகும். 1971 ஏப்ரில் கிளர்ச்சி, கற்றும் வேலையற்றிருந்த இளைஞரின் கோபத்தை ஆட்சியாளருக்கு உணர்த்தியிருந்தது. அதன் விளைவாக, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ஒவ்வொரு மாணவரும் தத்தம் சூழலிலுள்ள தொழில்களைக் கற்க வேண்டும் என விதிக்கப்பட்டது.

இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை, தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும் பிரதேசம். தோட்ட எல்லையைத் தாண்டினாற் சிங்களக் கிராமங்கள். அவற்றுக்கப்பால் வயல்களும் மாணிக்கக் குழிகளும். சூழலிலுள்ள தொழிலைக் கற்பிப்பதே நோக்கமெனில், அதற்கு இதனினும் வாய்ப்பான களம் அரிது. ஆயினும் நடந்தது வேறு. தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவன. சீர்திருத்தமோ ஆறாம் வகுப்பில் தொடங்குவது. தொழிலாளர் நிறைந்த இடத்துக்குத் தொழிற்கல்வி வந்து சேராமற்போன இம்முரண் தற்செயலானதன்று.

இதன் வேர் 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைகள் சட்டத்திலே உள்ளது. தொழிலாளரின் ஆறு முதற் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை அது தோட்டத்துரைமீது சுமத்திற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலியுறுத்தியது. பள்ளியை நடத்தும் பொறுப்பு உழைப்பை வாங்குபவரின் கையிலேயே விடப்பட்டது என்பது ஈண்டு கூர்ந்து நோக்கற்பாலது. பத்து வயதுக்குமேற் பிள்ளை கற்பதால் அவருக்கு இலாபமில்லை, நட்டமே உண்டு. ஓராசிரியர், ஒரு கூடம், அரைநாள் வகுப்பு என்பதே வழமையாயிற்று. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த மக்களுக்காகக் குரலெழுப்ப எந்தக் கட்சிக்கும் அவசரமிருக்கவில்லை. தோட்டங்கள் 1975இல் தேசியமயமாயின. பள்ளிகள் 1977 தொடங்கியே படிப்படியாக அரசிடம் வந்தன. அவ்வாண்டில் ஆட்சியும் மாறிற்று; தொழில்முன்னிலைப் பாடம் கைவிடப்பட்டது. பள்ளி வந்தபோது பாடம் போய்விட்டது.

அரைநாட் பள்ளி என்றதும் மார்க்ஸ் நினைவுக்கு வருகின்றார். இங்கிலாந்தின் ஆலைச் சட்டத்தால் அரைநாள் கற்ற பிள்ளைகள் முழுநாட் பிள்ளைகளுக்குப் பின்தங்கவில்லை என்ற பரிசோதகரின் சான்றை ‘மூலதனம்’ முதற் பாகத்தில் அவர் எடுத்தாள்கின்றார். 1866இல் ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு எழுதிய அறிவுரையில், அறிவுக் கல்வி, உடற்கல்வி ஆகியவற்றோடு உற்பத்தியின் பொது விதிகளை விளக்கும் தொழில்நுட்பக் கல்வியையும் வேண்டினார். பொது விதிகள் என்பதே ஈண்டு முக்கியமானது. ஒரு கைவேலையை மட்டும் பழக்கிவிடுவது கல்வியன்று, அது ஆட்சேர்ப்பு. இவ்வேறுபாட்டை உணராத எவரும் தோட்டத்தில் தொழிற்பாடம் நடத்துதல் இயலாது.

ஏனெனில் தோட்டத்துத் தாய்தந்தையர் இதனை முன்பே உணர்ந்துள்ளனர். மண்வெட்டியையும் கொழுந்துக் கூடையையும் பள்ளிக்குட் கொண்டுவரும் ஆசிரியரை அவர்கள் ஐயுறுவர். பிள்ளையை லயத்திலிருந்து வெளியேற்றும் வழி புத்தகமே என்பது அவர் நம்பிக்கை. இதனைப் பிற்போக்கென்று கூறும் முற்போக்காளரும் உளர். அவருள் எவரது பிள்ளை பால்வெட்டப் போயிற்று?

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பிள்ளைக்கு வேலை தெரியும். வேலையின் காரணம் தெரியாது. அங்கிருந்தே வகுப்புத் தொடங்க வேண்டும். பால்வெட்டுவோர் விடியுமுன்னே மலைக்குப் போவது ஏன்? வெயிலேறு முன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதாற் பால் அதிகம் வடியும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிவது ஏன்? பட்டையினுள்ளே பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. எதிர்ச்சரிவில் வெட்டினால் அதிக குழாய்கள் அறுபடும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படுவது ஏன்? வெட்டிய பாலில் அமிலம் கலந்ததும் அது உறைவது ஏன்? தாவரவியலும் இரசாயனமும் இங்கே தகப்பனின் கைக்குள்ளேயே கிடக்கின்றன. அத்தகப்பனையே ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசவைக்கும் ஆசிரியர், மாணவனுக்குத் தாவரவியலை மட்டுமா கற்பிக்கின்றார்? தன் வீட்டிலும் அறிவு உண்டு என்பதை அவன் அன்று முதன்முறையாகக் காண்கின்றான்.

கணிதத்துக்குச் செக்ரோல் போதும். நிறுத்த கொழுந்தில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, மழையாற் பால்வெட்டு நின்ற நாளுக்கு என்ன பெயர், மாத முடிவிற் கைக்கு வந்தது எவ்வளவு என்று பத்து வயதுப் பிள்ளை கணக்கிடத் தொடங்கினால் அது வீட்டிலும் பேசப்படும். துரைமார் நடத்திய பள்ளியில் இக்கணக்கு இடம்பெற்றிருக்கவியலாது. தமிழ்ப் பாடத்துக்கும் பொருள் அங்கேயே உண்டு. பிரட்டுக்களம், கவ்வாத்து, கங்காணி முதலிய சொற்கள் எவ்வெம்மொழியிலிருந்து எவர் வாய்வழி வந்தன என வினவினால் ஒரு நூற்றாண்டுக் குடிப்பெயர்வின் வரலாறு வெளிப்படும். மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை இத்திசையில் முன்நடந்தவர்.

இவையெல்லாம் ஆசிரியர் தோட்டத்திலேயே தங்கியிருப்பாராயின் நிகழக்கூடியவை. 1980களின் நடுப்பகுதி முதற் சுவீடனின் உதவியுடன் தோட்டப் பள்ளிகளின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. பின்னர்ப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. நுவரெலியாவைப் பேசும்போது மலையகம் முழுவதையும் பேசிவிட்டதாக நாம் கருதிக்கொள்கின்றோம். சப்ரகமுவத் தோட்டங்கள் அக்கணக்கில் விடுபடுகின்றன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டபோது பலர் இடம்பெயர்ந்தனர். பிள்ளைகளே போய்விட்ட பள்ளிக்கு எப்பாடத்திட்டமும் உதவாது. 2017இல் பதின்மூன்றாண்டு உத்தரவாதக் கல்வியின் கீழ்த் தொழிற்பிரிவு உயர்வகுப்புகளில் மீண்டும் வந்துள்ளது. அது பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குகின்றது. கஹவத்தைத் தோட்டத்துப் பிள்ளை அவ்வகுப்புவரை செல்லத் தன் மொழியில் எத்தனை மைல் நடக்க வேண்டும் என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.