ஊர் திரும்பிய சிம்பொனி

1942 ஜூலைத் தொடக்கத்தில், ஜெர்மானியப் படைகளின் முற்றுகையில் கிடந்த லெனின்கிராடுக்கு மருந்துப் பொருட்களோடு வந்த விமானத்தில் நான்கு தடித்த இசைக்குறிப்புத் தொகுதிகளும் வந்தன. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி. வானொலி இசைக்குழுவின் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் பக்கங்களைப் புரட்டினார். 8 ஹார்ன், 6 ட்ரம்பெட், 6 ட்ராம்போன். அத்தனையும் மூச்சைக் கேட்கும் வாத்தியங்கள். மூச்சு இருந்தவர்கள்தான் அங்கே குறைவு.

அந்தத் தாள்கள் அயலூரிலிருந்து வந்தவை அல்ல. பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தன. 1941 ஜூலையில் இதே ஊரில்தான் ஷோஸ்டகோவிச் எழுதத் தொடங்கினார். பார்வைக் குறைவால் ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இசைக் கல்லூரிக் கூரையில் தீயணைப்புக் காவலுக்கு நின்றார். செப்டம்பர் 8-ல் முற்றுகை இறுகியது. 17-ம் தேதி, இரண்டு பகுதிகள் முடிந்துவிட்டன என்று வானொலியில் ஊருக்குச் சொன்னார். குண்டு விழும் ஊரில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதே அன்று மக்களுக்குத் தெம்பு. மூன்றாம் பகுதி முடிந்த கையோடு, அக்டோபர் 1-ல் அரசு அவரை மனைவி, குழந்தைகளுடன் விமானத்தில் வெளியேற்றியது. தாயும் சகோதரியும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். தாள்கள் அவரோடு கிளம்பின.

வோல்கா கரை நகரமான குய்பிஷெவில், டிசம்பர் 27-ல் கடைசிப் பகுதி முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் லெனின்கிராடில் பலருக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம்தான். 1942 மார்ச் 5-ல் குய்பிஷெவில் சாமுயில் சமோசுத் நடத்த, சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது. பிறகு தாள்கள் மைக்ரோஃபிலிமாகச் சுருங்கின. தெஹ்ரானுக்கு விமானம், அங்கிருந்து கெய்ரோவுக்குக் கார், மறுபடி விமானம் என்று அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. ஜூன் மாதம் லண்டன் கேட்டது. ஜூலை 19-ல் நியூயார்க்கில் டோஸ்கனினி நடத்த, அமெரிக்கா வானொலியில் கேட்டது.

யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஊர் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

அங்கே வானொலி இசைக்குழுவில் பலர் பசியிலும் குளிரிலும் இறந்துபோயிருந்தார்கள். வசந்தத்தில் எலியாஸ்பெர்க் குழுவைத் திரும்பக் கூட்டியபோது வாசிக்கும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 15 பேர். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தவருக்கு ஊதத் தெம்பில்லை. முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் கலைந்தது. கலைஞர்களுக்குக் கூடுதல் உணவு கொடுக்கப்பட்டது. போர்முனையிலிருந்து ராணுவ வாத்தியக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்படியும் ஒத்திகைக் காலத்திலேயே சிலர் இறந்தார்கள். மற்றவர்கள் நாள்தோறும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆகஸ்ட் 9. கச்சேரி நேரத்தில் ஜெர்மானியப் பீரங்கிகள் வாய் திறக்கக் கூடாதென்று சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றைத் தாக்கின. பில்ஹார்மோனிக் மண்டபம் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கிகள் இசையைத் தெருக்களுக்கும் எதிரியின் பதுங்குகுழிப் பக்கத்துக்கும் கொண்டுபோயின. ஒரே மெட்டு சிறு முரசின் தாளத்தில் மெல்லப் புறப்பட்டு, திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் பெருத்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்துக்கும் மேலான இசையை, நிற்கவே தள்ளாடியவர்கள் ஊதி முடித்தார்கள்.

1964-ல் அவர்களில் எஞ்சியவர்கள் எலியாஸ்பெர்க்கின் தலைமையில் மீண்டும் கூடி அதையே வாசித்தார்கள். ஷோஸ்டகோவிச் கேட்டுக்கொண்டிருந்தார்.

லண்டனும் நியூயார்க்கும் இதை நன்றாகவே வாசித்திருக்கும். ஆனால் எழுதியவர் தாளில் விட்டுவைத்த கடனை அடைத்தது லெனின்கிராடின் மூச்சுதான். தாங்கள் உயிர் வாழவே தேவைப்பட்ட அந்த மூச்சை, அவர்கள் ஹார்னிலும் ட்ரம்பெட்டிலும் ஊதிக் கொடுத்தார்கள்.