ரங்கப்பிள்ளை வகுத்த நான்கு தலைப்புகள்

கல்யாணம் நிச்சயமான வீட்டில் முதலில் நடைபெறும் காரியம் ஜாபிதா எழுதுவது. வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்லக் கையெழுத்து நன்றாயுள்ள ஒருவர் எழுதுவார். காகிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் மஞ்சள், குங்குமம் தொடங்கி விளக்குத் திரி ஈறாக வரிகள் இறங்கும். சாமான் வந்து சேரச் சேர ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கோடு. கோடு விழாத வரி எதுவோ அதுவே மறுநாள் வேலை. இந்த அருமையான வழக்கத்தை நாம் விசேஷ வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். எழுத்து வேலைக்கும் அன்றாட வாழ்வுக்கும் அது எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பதற்கு நம் புதுச்சேரியிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. நேயர்களே, அதனைக் குறித்தே சில சொல்ல விரும்புகிறேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து, வணிகத்தில் வளர்ந்து, கவர்னர் துய்ப்ளேயின் காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார். 'ஆனந்தப் புரவி' என்னும் பெயரில் சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். இத்தனை அலுவல்களுக்கும் இடையில் 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். இவ்வளவு நீண்ட காலம் ஒருவர் எழுதியது எப்படி என்பதே என் வினா. மனவுறுதி என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் அந்த விடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஜனவரி முதல் தேதியில் டைரி தொடங்கும் மனவுறுதி எல்லாரிடமும் உண்டு. பொங்கலுக்குள் அது கரைந்துவிடுகிறது.

விடை அவருடைய முதற்பக்கத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். நள வருஷம் ஆவணி மாதத்தில் குறிப்பைத் தொடங்கும்போதே, தாம் எவற்றை எழுதப்போகிறார் என்பதைப் பிள்ளை வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறார். காதால் கேட்பவை ஒன்று. கண்ணால் காண்பவை மற்றொன்று. கப்பல்களின் வரவும் போக்கும் மூன்றாவது. வியப்பாகவும் புதிதாகவும் நிகழ்வன நான்காவது. இவ்வளவுதான் திட்டம். இதனை வெறும் முகவுரை என்று படித்துக் கடந்துவிடுவோர் பலர். எனக்கு இது ஒரு ஜாபிதாவாகவே தோன்றுகிறது. இரவில் விளக்கடியில் உட்காரும் மனிதன் 'இன்று என்ன எழுதுவது?' என்று மலைக்க வேண்டியதில்லை. கேட்டது என்ன, கண்டது என்ன, கப்பல் வந்ததா, புதுமை உண்டா என்று நான்கு கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டால் போதும். விடை உள்ளதை எழுதலாம், இல்லாததை விட்டுவிடலாம்.

கேட்டதையும் கண்டதையும் அவர் வேறு வேறாகப் பிரித்து வைத்த நுட்பத்தைச் சரித்திரம் பயில்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஊர் வாய் சொன்னதும் தன் கண் பார்த்ததும் ஒன்றல்ல என்பது சாட்சி விசாரணையின் முதற்பாடம். துபாஷியின் வாழ்க்கையோ முழுவதும் காதில் விழும் செய்திகளைச் சார்ந்தது. அப்படிப்பட்டவர் முதல் நாளே இவ்விரண்டுக்கும் நடுவே வரம்பு கட்டிக்கொண்டார்.

கப்பலுக்குத் தனித் தலைப்பு ஏன் என்று கேட்கலாம். அக்காலப் புதுச்சேரியில் கப்பல் கரையணையும் துறை கிடையாது. பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு எனப்படும் படகுகள் அலையைக் கடந்து சென்று ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். பிரான்சிலிருந்து பணம் வந்ததா, கடிதம் வந்ததா, புதிய உத்தரவு வந்ததா என்பதெல்லாம் கடல் விளிம்பில் ஒரு பாய் தெரிவதைப் பொறுத்தது. ஆதலால் கப்பலுக்கு முழங்கிய பீரங்கி வேட்டுகளைக்கூட அவர் எண்ணி எழுதினார். தம் வாழ்வும் ஊரின் வாழ்வும் எதனால் அசைகின்றனவோ அதற்கு ஒரு வரி ஒதுக்கினார். ஜாபிதா எழுதுவோர் தடுமாறும் இடமும் இதுவே: எழுபது வரி எழுதுவார்கள்; தம் வாழ்வை அசைக்கும் அந்த ஒரு வரி அதில் இராது.

அவர் நாள் தவறாமல் எழுதினார் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது. 1736 முதல் 1746 வரையுள்ள பத்தாண்டுகள் அதில் ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. பிந்திய பதினைந்து ஆண்டுகளுக்குப் பதினொரு தொகுதிகள் வேண்டியிருந்தன. தொடக்கத்தில் இடைவெளிகள் மிகுதி. ஆனால் விட்ட இடத்தில் மீண்டும் தொடங்க அவருக்குத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. நான்கு தலைப்புகளும் அவருக்காக அங்கேயே காத்திருந்தன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோதும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும், அதே ஆண்டில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோதும் எழுதப் பழகிய கை ஆயத்தமாக இருந்தது.

கடலுக்கு அப்பால் அதே தலைமுறையில் வேறொருவர் வேறுவகை ஜாபிதா வைத்திருந்தார். பெஞ்சமின் பிராங்கிளின் நம் பிள்ளைக்கு மூன்று வயது மூத்தவர். பதின்மூன்று நற்பண்புகளை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு பண்பாகப் பதின்மூன்று வாரம். ஆண்டுக்கு நான்கு சுற்று. ஒழுங்கு என்ற பண்பே தம்மை மிகவும் அலைக்கழித்தது என்று அவரே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். எனக்குப் பிராங்கிளினிடம் மதிப்பு உண்டு. ஆயினும் பிள்ளையின் முறையே வாழ்வுக்கு ஒத்தது என்பேன். பிராங்கிளினின் கட்டம் 'நீ தவறினாயா?' என்று கேட்கிறது. பிள்ளையின் தலைப்பு 'என்ன நடந்தது?' என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல மனம் கூசுவதில்லை.

பின்னாளில் இம்முறை உயிர் காக்கும் கருவியாயிற்று. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் நான்கு எஞ்சின் கொண்ட புதிய போயிங் விமானம் ஒன்று எழும்பியவுடன் விழுந்து எரிந்தது. காற்றில் அசையாதிருக்கச் செருகி வைத்திருந்த பூட்டைப் புறப்படுமுன் விடுவிக்க மறந்ததே காரணம். ஓட்டியவர் தேர்ந்த விமானி. அதன்பின் விமானிகள் சிறு சரிபார்ப்புப் பட்டியல் எழுதிக்கொண்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கென உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 வரிகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில், சிகிச்சைக்குப்பின் இறந்தோர் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தனர். நோயாளி இன்னார்தானா என்று கேட்பதும், வைத்த பஞ்சை எண்ணிப் பார்ப்பதும் போன்ற எளிய வரிகளே அவை.

கோடு போடுவதே தொழிலாகிவிட்டால் பட்டியல் செத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் ஹெர்பார்ட்டின் வழிவந்த ஐந்து படிகளில் பாடக்குறிப்பு எழுதப் பழகினோம். ஆயத்தம் முதல் பிரயோகம் வரை ஐந்தும் ஏட்டில் ஒழுங்காக இருக்கும். வகுப்பில் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். ஏட்டில் கையொப்பம் உண்டா என்பதை மட்டும் பார்த்துச் சென்ற மேலதிகாரிகளையும் நான் கண்டதுண்டு.

1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி வீழ்ந்தது. அதே மாதம் பிள்ளையும் மறைந்தார். கோட்டையும் வெள்ளையர் நகரமும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1765இல் பிரெஞ்சுக்காரர் மீண்டு வந்தபோது கட்டடங்களைப் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. நாட்குறிப்போ பிள்ளையின் வழியினர் வீட்டில் கிடந்து, 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. அது கிடைத்திராவிட்டால் அக்காலத் தமிழரின் பேச்சும் பேரமும் அச்சமும் கம்பெனிக் கடிதங்களின் ஓரங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும். பிற்காலத்தில் நயினார் உத்தியோகம் வகித்த இரண்டாம் வீராநாயக்கரும் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியது இவ்வூரின் பேறு.

இதனை நான் நூலறிவாக மட்டும் சொல்லவில்லை. என் வீடு வைத்திக்குப்பத்தில் இருக்கிறது. மாசிமகத்தன்று மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை இது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து கடல் சுமந்துவரும் மணல் அங்கே தடைப்பட, வடக்கேயுள்ள கரை ஆண்டுதோறும் மெலிந்தது, கருங்கற்கள் கொட்டப்பட்டன. முன்பு கரை எவ்வளவு அகலமாயிருந்தது என்று குப்பத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "வாத்தியாரையா, வலையை விரிச்சுக் காயப்போட்டு, அதுக்கப்புறமும் பிள்ளைங்க ஓடி விளையாட எடமிருக்கும்" என்றார். பக்கத்திலிருந்தவர் அவ்வளவு இல்லை என்று மறுத்தார். இருவருமே கண்ணால் கண்டவர்கள். எழுதி வைத்தவர் எவருமிலர்.

ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதற்பக்கத்தில் நான்கே தலைப்புகள்: குறிப்பிட்ட கல்லிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி, இன்று வீசியது வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா, படகுகள் என்ன மீன் கொண்டுவந்தன, புதுமை ஏதேனும் உண்டா. ஒரு பையன் மூன்று மாதமாக எழுதி வருகிறான். மூன்றாவது தலைப்புக்கு அவன் தாயாரே விடை சொல்கிறாராம். சந்தைக்குக் கூடை சுமப்பவர் அவர்தானே. புதுமை என்ற தலைப்பின்கீழ் மட்டும் பல நாட்களில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறான். பக்கம் அழகாக இல்லையென்று அவற்றை அழிக்கப் போனான். தேதியோடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.