சாண்ட்லர், ரேமண்ட்

சாண்ட்லர், ரேமண்ட் (1888–1959): அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர். ஃபிலிப் மார்லோ என்னும் தனியார் துப்பறிவாளர் பாத்திரத்தைப் படைத்தவர்.

சிகாகோவில் பிறந்த இவர், பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் இங்கிலாந்து சென்று டல்விச் கல்லூரிப் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் பயின்றார். லண்டன் இதழ்களில் கவிதைகள் எழுதினார். 1912-இல் அமெரிக்கா திரும்பினார். முதல் உலகப்போரில் கனடியப் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டார். 1924-இல் தம்மினும் 18 வயது மூத்த சிஸ்ஸியை மணந்தார்.

லாஸ் ஏஞ்சலீஸ் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்து துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். 1932-இல் வேலை போயிற்று. குடியும் அடிக்கடி வேலைக்கு வராததுமே காரணம் என்பர் வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர். பொருளாதார மந்தமே காரணம் என்பது சாண்ட்லரின் கூற்று.

அதன்பின் கதை எழுதக் கற்றார். படித்துவிட்டுத் தூக்கிப்போடலாம் என்னும் அளவுக்கு மலிவாகக் கிடைத்த துப்பறியும் இதழ்களே இவருக்குப் பாடநூல்கள். எர்ல் ஸ்டான்லி கார்டனரின் குறுநாவல் ஒன்றைச் சுருக்கி எழுதிக்கொண்டு, அச்சுருக்கத்திலிருந்து கதையைத் தம் நடையில் மீண்டும் எழுதினார். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். ஏறத்தாழ 18,000 சொற்கள் கொண்ட முதல் கதைக்கு ஐந்து மாதம் பிடித்தது. அச்சிட்ட பக்கம்போல வலப்பக்க ஓரமும் நேராக அமையும்படி அதைத் தட்டச்சு செய்திருந்தார் என்பர். 1933 டிசம்பரில் ‘பிளாக் மாஸ்க்’ இதழ் அதை வெளியிட்டது. சன்மானம் 180 டாலர். பிற்காலத்தில் மஞ்சள் தாளைப் பாதியாக வெட்டித் தட்டச்சு செய்வது இவர் வழக்கம். சிறு தாளில் சில வரிகளே அடங்கும்; ஒவ்வொரு தாளிலும் சுவையான ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது இவர் வகுத்துக்கொண்ட விதி.

முதல் நாவல் ‘தி பிக் ஸ்லீப்’ (1939), தம் பழைய சிறுகதைகளைப் பிணைத்து எழுதியது. அதில் கார் ஓட்டுநரைக் கொன்றவர் யார் என்று படமாக்கியவர்கள் கேட்டபோது, தமக்கே தெரியாது என்று விடையளித்ததாகக் கூறுவர். 1944-இல் பில்லி வைல்டருடன் சேர்ந்து ‘டபுள் இன்டெம்னிட்டி’ திரைக்கதையை எழுதினார். ‘தி லாங் குட்பை’ (1953) இவருடைய மிகச் சிறந்த நாவல் எனக் கருதுவோர் உளர். சிஸ்ஸி 1954-இல் மறைந்தார்.

சாண்ட்லர் முடிக்காமல் விட்ட நாவலை ராபர்ட் பி. பார்க்கர் நிறைவு செய்து 1989-இல் வெளியிட்டார். சாண்ட்லர் எழுதி முடித்த நாவல்கள் ஏழு. ஏழுமே ஐம்பது வயதுக்குப் பின் வெளிவந்தவை.